புதன்கிழமை உபயம்

எனக்கு எவரையும் வெறும் வயிற்றோடு அனுப்பிப் பழக்கமில்லை. குழாய் திருத்த வந்தவரானாலும் சரி, பெட்டி கொண்டுவந்து தந்தவரானாலும் சரி, எங்கள் கதவுக்குள் தலை நீட்டியவர் ஒரு வாய் தேநீர் குடிக்காமல் திரும்பியதில்லை. வேண்டாம் என்பார்கள். முதல் தடவை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். கேட்டவுடன் வாங்கிக் குடிப்பவரைப் பார்த்து எங்கள் ஆட்கள் பின்னால் நின்று சிரிப்பார்கள். இரண்டாம் தரம் கேட்க வேண்டும், மூன்றாம் தரம் கோப்பையைக் கையில் திணிக்க வேண்டும். அதுதான் மரியாதை என்று அறுபது வயது தாண்டியும் நம்பியிருந்தேன்.

ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பகுதியில் ஒரு உயரமான கட்டடத்தில் நானும் கணவரும் இருக்கிறோம். நான் ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் மணிக்கட்டு விட்டுப்போகும்வரை வேலை செய்தவள். அவர் தொழிற்சாலையில் நின்று நின்றே முழங்காலைத் தேய்த்தவர். மகன் யூனியன்வில்லில் வீடு வாங்கிப் போய்விட்டான். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய ஒவ்வொரு தடவையும் நான் அவனைத்தான் போனில் தேட வேண்டியிருந்தது.

நடக்க ஏலாதவர்களை வாசலிலேயே வந்து ஏற்றுகிற நகர சபை வான் ஒன்று உண்டு. அதை முற்கூட்டியே பதிய வேண்டும். போனில் பேசியும் பதியலாம்; ஆனால் ஆள் வரும்வரை அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது அவிந்து, கடைசியில் ஒரு குரல் வரும்போது எனக்கு வந்திருந்த ஆங்கிலமும் போய்விடும். போன் திரையில் அழுத்திப் பதிவது சுகம் என்றார்கள். சுகம், தெரிந்தவர்களுக்கு. நான் மகனைக் கூப்பிடுவேன். மீற்றிங்கில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்பான். எடுப்பான், பதிந்தும் தருவான். ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை. அந்தப் பொறுமைதான் எனக்குச் சுட்டது. திட்டினால் திருப்பித் திட்டலாம், பொறுமையாக இருப்பவனை என்ன செய்வது?

இந்த நிலைமையில்தான் ஒரு தை மாதம் அந்தப் பிள்ளை எங்கள் கதவைத் தட்டினாள். இங்கேயே பிறந்த பிள்ளை. ஸ்காபரோவில் கொலிஜ் ஒன்றில் சமூக சேவைப் படிப்பு முதலாம் வருடம். தடித்த ஜக்கெற், உச்சியில் அள்ளி முடிந்த தலைமயிர், காலில் பனி உருகிய தண்ணீர். கொலிஜ் மாணவர் சங்கத்தில் தொண்டுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறதாம். அதில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்க விரும்புகிறவர்கள் தாங்களே ஒரு இடத்தைத் தேடிப் பிடித்து, ஒரு தவணைக்கு வேலையை நடத்திக் காட்ட வேண்டுமாம். மற்றவர்கள் முதியோர் இல்லம், உணவு வங்கி என்று ஆயத்தமாக இருந்த இடங்களைப் பிடித்துக்கொள்ள, இவள் எங்கள் கட்டடத்தைத் தேர்ந்திருக்கிறாள். அவளுடைய அம்மா நாட்டுக்கு வந்த புதிதில் இதே கட்டடத்தில்தான் இருந்தாராம். எலிவேற்றருக்குள் தனியாக ஏறப் பயந்து படியால் இறங்குவாராம். அதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

வேலை இதுதான்: கீழ்த் தளத்தில் பிறந்தநாள் வைப்பதற்கென்று இருக்கிற பார்ட்டி ரூமில், ஒவ்வொரு புதன் மத்தியானமும் அவளும் அவளுடைய குழுப் பிள்ளைகளும் வந்து, எங்களைப் போன்றவர்களுக்குப் போன் பழக்குவார்கள். வான் பதிவது, டொக்டரிடம் நேரம் எடுப்பது, வங்கிக் கணக்குப் பார்ப்பது. தவணை முடிவில் கொலிஜ் ஒஃபிஸிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் இதை ஒவ்வொரு வருடமும் நடத்துவார்கள், அவளே தலைவி. இல்லையென்றால் இந்தத் தவணையோடு சரி. இதை அவள் ஒளிக்காமல் முதல் நாளே சொன்னாள். தனக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் ஒன்றுக்கும் தலைவியாக இருந்ததில்லையாம், எப்போதும் பின்வரிசைதானாம்.

முதல் புதன்கிழமை என் பக்கத்தில் வந்து இருந்தாள். நான் பழக்கதோஷத்தில் போனை அவளிடம் நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்துகொண்டாள்.

"நான் தொடமாட்டன் அன்ரி. நீங்கள்தான் செய்யவேணும்."

அது அவள் குழுவுக்குப் போட்ட சட்டம். எவருடைய போனையும் தொண்டர் தொடக்கூடாது. வாயால் சொல்லலாம், விரலால் காட்டலாம், வாங்கிச் செய்து கொடுக்கக்கூடாது. நானோ வேண்டாததை அழுத்தி, எங்கேயோ போய், எல்லாம் அழிந்துபோய், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். அவள் கைகளை எடுக்கவேயில்லை. சுற்றிப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் அப்படியே கைமேல் இருந்தார்கள். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. எனக்கு வாழ்க்கையில் எவரும் அப்படி ஒன்றைக் கற்றுத்தந்ததில்லை. மகன் உட்பட எல்லாரும் என் கையிலிருந்து வாங்கி, செய்து, திருப்பித் தந்தவர்கள்தான்.

அன்றைக்கே நடந்த இன்னொன்றுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். குழுவிலே ஒரு பெடியன் மூலையில் நின்று மெஷினில் வாங்கிய சிப்ஸைத் தின்றுகொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். வகுப்பு முடிந்து நேரே பஸ் ஏறி வருகிறார்களாம், மத்தியானம் சாப்பிட நேரமில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்காக ஓடி வருகிற பிள்ளைகள், எங்கள் கட்டடத்துக்குள், சிப்ஸ் தின்பதா? அடுத்த புதன் நான் ஒரு போத்தல் தேநீரும் ஒரு தட்டு ரோல்ஸும் கொண்டு இறங்கினேன். வேண்டாம் அன்ரி என்றாள் அந்தப் பிள்ளை. நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். கையில் திணித்தேன்.

அதற்கு அடுத்த புதன் ஒன்பதாம் மாடிக்காரி கட்லட் கொண்டுவந்தா. அவவுக்கும் எனக்கும் எப்போதும் ஒரு இழுபறி. நான் ஒரு சேலை வாங்கினால் அது அவவிடம் முந்தியே இருக்கும். கட்லட் அருமையாக இருந்தது என்பதை வயிறெரிந்துகொண்டே ஒத்துக்கொள்கிறேன். இப்படி ஆளாளுக்குக் கொண்டுவந்தால் ஒழுங்கில்லை என்று, ஊரில் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் யோசனை சொன்னார். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடும்பம் உபயமாக ஏற்று நடத்துவதில்லையா? அதுபோலப் புதன்கிழமைகளைப் பிரித்துக்கொள்வோம் என்றார். எல்லாருக்கும் பிடித்துப்போனது. எனக்குத்தான் முதலில் பிடித்தது.

கோயில் உபயம் என்றால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. போன வருடத்து உபயகாரரை விட இந்த வருடத்து உபயகாரர் ஒரு மேளக்காரரையாவது கூடப் பிடிப்பார். எங்கள் புதன்கிழமையும் அப்படியே போனது. ஒரு கிழமை இடியப்பமும் சொதியும். மறு கிழமை கொத்து ரொட்டி, சுடச்சுட. அதற்கடுத்த கிழமை ஆட்டிறைச்சிக் கறியோடு பிட்டு. மேசைகளில் போன் வைக்க இடமிருக்காது. பிள்ளைகள் சாப்பிட்டு, கை கழுவி, இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்கிற எங்கள் கரைச்சலிலிருந்து தப்பி வெளிவரும்போது நேரத்தில் பெரும் பகுதி போயிருக்கும். அந்தப் பிள்ளை ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொருவரிடமும் வந்து, அடுத்த முறை சாப்பாடு வேண்டாமே என்று சிரித்த முகத்தோடு கேட்டாள். நாங்கள் அவள் போனபிறகு அவளுடைய தாயைப் புகழ்ந்தோம். எவ்வளவு அடக்கமாக வளர்த்திருக்கிறா, பாருங்கோ என்றோம்.

ஆனாலும் கடைசி அரை மணித்தியாலம் அவள் என்னை விடமாட்டாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து, தொடங்குங்கோ அன்ரி என்பாள். பங்குனி மாதத்தில் ஒருநாள், கணவரின் கண் டொக்டருக்காக, வீட்டில் தனியாக இருந்து நானே வான் பதிந்தேன். சொன்ன நேரத்துக்கு, கொட்டுகிற பனிக்குள், அந்த வான் வாசலில் வந்து நின்றது. கணவர் வானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மகன் போட்டானா என்று கேட்டார். நான்தான் என்றேன். போகிற வழி முழுக்க அவர் என் போனைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு இருந்த சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அந்தப் புதன் அதைச் சொன்னபோது அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. ஒஃபிஸ் ஆள் வரும் நாளில் நான் அதைச் செய்து காட்ட வேண்டும் என்று கேட்டாள். அது ஒன்றே போதுமாம். ஓம் பிள்ளை, கட்டாயம் என்றேன்.

அந்த நாளும் வந்தது. முதல் நாள் அவள் எனக்குப் போன் எடுத்து, நாளைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும் என்று ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னாள். நான் ஓம் ஓம் என்றேன். சொல்லிக்கொண்டே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். முக்கியமான ஆள் வருகிற நாளில் தண்ணீரை வைத்து அனுப்பினால் அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பது? அன்றைய உபயம் யாருடையது என்று எனக்கும் ஒன்பதாம் மாடிக்காரிக்கும் வந்த சண்டையை, எல்லாரும் சேர்ந்தே செய்வோம் என்று தபால் ஐயா தீர்த்துவைத்திருந்தார். வாசலில் சந்தனமும் குங்குமமும் தட்டில் வைத்தோம். பன்னீர்ச் செம்பை ஐயாவே கொண்டுவந்தார். பிள்ளைகள் வந்து மேசைகளைப் பார்த்தபோது அவளுடைய முகம் ஒரு கணம் வெளிறியதைக் கண்டேன். பதற்றம் என்று நினைத்தேன். பயப்படாதை பிள்ளை, நாங்கள் எல்லாரும் இருக்கிறம் என்றேன்.

வந்தவர் வெள்ளைக்காரப் பெண்மணி, நடுத்தர வயது, நல்ல மனுஷி. பன்னீர் தெளித்தபோது சிரித்தா. கட்லட்டை இரண்டாம் தரமும் எடுத்தா. பிள்ளைகளை எல்லாம் வரிசையாக இருத்தி நாங்கள் பரிமாறிக்கொண்டிருந்தோம். எழும்பப் பார்த்தவர்களைத் தோளில் அழுத்தி இருத்தினோம். அவ சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே என்ன படித்தீர்கள் என்று தபால் ஐயாவைக் கேட்டா. ஐயா மேடையில் பேசுவதுபோல எழுந்து நின்று தமிழில் பதில் சொன்னார். எங்களுக்கு இந்த வயதில் என்ன படிப்பு, இந்தப் பிள்ளைகள் வந்து எங்கள் கையால் ஒரு வாய் சாப்பிட்டாலே எங்களுக்குப் போதும் என்றார். அவர் அதை மனம் நிறைந்து, அந்தப் பிள்ளையைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னார். மொழிபெயர்க்க வேண்டியவள் அவள். ஒரு சொல்லையும் மாற்றாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

பெண்மணி தலையாட்டினா. அப்படியானால் மாணவர்கள் இங்கே செய்வது என்ன என்று மெதுவாகக் கேட்டா. அந்த ஆங்கிலம் எனக்கு நன்றாகவே விளங்கியது. இந்தப் பிள்ளை ஒன்றும் செய்யாதவள் என்றல்லவா நினைக்கப்போகிறா? நான் பாய்ந்து முன்னுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இவள் சரியான கெட்டிக்காரி, வான் பதிவதில் விண்ணி என்றேன். என் போனை எடுத்து அந்தப் பிள்ளையிடம் நீட்டினேன். அவளுடைய கைகள் பின்னால் போயின.

"நீங்கள் செய்யுங்கோ அன்ரி. பிளீஸ்."

எனக்கு அதுவும் அடக்கமாகத்தான் கேட்டது. பெரிய ஆளின் முன்னால் தன் கெட்டித்தனத்தைக் காட்டக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். நானே செய்து காட்டியிருந்தால் என்னைப் பற்றித்தானே நினைப்பார்கள்? அவளைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு. "உன்ரை கையாலை செய்து காட்டு பிள்ளை, அவ பாக்கட்டும்" என்று சொல்லி, ரோல்ஸைத் திணிப்பதுபோலப் போனை அவள் கையில் திணித்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து, கணவரின் அடுத்த டொக்டர் நாளுக்கான வானைப் பதிந்து தந்தாள். நான் கைதட்டினேன். ஒன்பதாம் மாடிக்காரியும் தட்டினா. மற்றப் பிள்ளைகள் ஒருவரும் தட்டவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இரண்டு புதன்கிழமைகள் யாரும் வரவில்லை. பரீட்சைக் காலம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். பிறகு ஒரு மத்தியானம் அவள் தனியாக வந்து எங்கள் கதவைத் தட்டினாள். உள்ளே வரச் சொன்னேன். சப்பாத்து ஈரம் என்று வாசல் கால்மிதியிலேயே நின்றுகொண்டாள். அந்தப் பெண்மணி எங்கள் எல்லாரையும் பற்றி நல்லதாகத்தான் சொன்னாவாம். எவ்வளவு அன்பான ஆட்கள் என்றாவாம். ஆனால் அங்கே சேவை செய்கிறவர்கள் முதியவர்கள், சேவை பெறுகிறவர்கள் மாணவர்கள் என்றாவாம். யாரும் போன் பழகியதாகத் தெரியவில்லை, எல்லாவற்றையும் மாணவர்களே செய்து கொடுக்கிறார்கள் என்றும் சொன்னாவாம். அடுத்த வருடம் குழு உணவு வங்கிக்குப் போகிறது, தலைவர் வேறு ஒரு மாணவன்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இரண்டு கட்லட்டைத் தின்றுவிட்டுப் போய் இப்படிச் சொன்னாவா என்று அந்தப் பெண்மணியைத் திட்டினேன். தபால் ஐயாவைத் திட்டினேன். அந்தப் பிள்ளை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். அது என் மகனின் பொறுமைபோலவே இருந்தது. அதனால் இன்னும் எரிச்சல் வந்து, ஏன் இதையெல்லாம் எங்களுக்கு முதலே சொல்லவில்லை என்று அவளிடமே கேட்டேன்.

"சொன்னனான் அன்ரி" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஒவ்வொரு கிழமையும் சொன்னனான். நீங்கள் சாப்பிடு எண்டியள்."

இப்போதும் நான் வானை நானே பதிகிறேன். கணவரின் மருந்துக்கு நானே சொல்லி எடுப்பிக்கிறேன். மகன் கூப்பிட்டு ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்கிறேன். அவனும் அதை உடனே நம்பிவிடுகிறான். ஒன்பதாம் மாடிக்காரிக்குப் போனில் இன்னும் ஒன்றும் தெரியாது. பார்ட்டி ரூம் புதன்கிழமைகளில் பூட்டிக் கிடக்கிறது. அந்த அறையில் ஒருத்தி உண்மையாகவே படித்தாள், அது நான்தான், அதைக் காட்டச் சொல்லிக் கேட்ட ஒரே நாளில் நான் காட்டவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்து அந்தப் பிள்ளையின் கையைக் கட்டிவிட்டேனே என்று நினைக்கும்போது என் கையை வெட்டிப்போடலாம்போல இருக்கிறது.

அன்றைக்கு அவள் கால்மிதியில் நின்றபடி ஜக்கெற்றின் ஸிப்பை மேலே இழுத்தாள். அடுப்பில் தேநீருக்கு வைத்த கேத்தில் கொதிக்கத் தொடங்கியிருந்தது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ பிள்ளை என்றேன். வேண்டாம் அன்ரி என்றாள்.

இரண்டாம் தரம் கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். இனிமேலாவது ஒரு பிள்ளை சொல்வதைச் சொன்னபடி கேட்போம் என்று நினைத்தேன். சரி பிள்ளை என்றேன். அவள் உடனே போகவில்லை. கேத்தில் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அப்ப வாறன் அன்ரி என்று சொல்லிப் போனாள்.

எலிவேற்றர் கதவு மூடிய சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று புதன்கிழமை. அவள் வகுப்பு முடிந்து நேரே பஸ் ஏறி வந்திருப்பாள், மத்தியானம் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.